துறையறிந்து மின்னேற்றல்

(மடிக்கணினியிலிருந்து கைபேசிக்கு விரைவாக மின்னேற்றும் முறை பற்றிய விளக்கம்)

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமே மனிதனுக்கு இன்றியமையாதவை என முன்னையோர் கூறிப் போந்தனர். அம்மூன்றனோடு நான்காவதாகக் கைபேசியையும் வைத்தெண்ண வேண்டிய காலம் இஃது. கடல் கடந்து வாழும் மகனின் குரலைத் தாய் கேட்பதும், மாணவன் பாடக் குறிப்புக்களைப் பெறுவதும், நோயாளிக்கு வண்டி அழைப்பதும் அச்சிறு கருவியினாலேயே ஆகின்றன. எனினும் அதன் ஆற்றலெல்லாம் அதன் வயிற்றிலுள்ள மின்கலத்தைப் பொறுத்தவை. மின்கலம் வெறுமையானால் விலை உயர்ந்த கைபேசியும் வெறுங் கண்ணாடித் துண்டே.

சுவரிலே பிளக்கும் அதிலே மின்னும் உள்ளபோது இதுபற்றிக் கவலையில்லை. மின் நின்ற வேளையிலும், நீண்ட பயணத்திலும், விடுதி அறையொன்றில் ஒரு பிளக்கை நால்வர் பகிர்ந்துகொள்ளும் போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மடிக்கணினியே. அதிலே கைபேசியைச் செருகி வைத்து, ஒரு மணி நேரங் கழித்து ஆவலோடு பார்த்தால், நூற்றுக்குப் பத்துப் பங்கே ஏறியிருக்கக் காண்கின்றோம். கணினி பழுது என்பர் சிலர். கைபேசி பழுது என்பர் வேறு சிலர். பெரும்பாலும் இரண்டிலும் பழுதில்லை. அவ்வாறாயின் காரணம் யாது? விரைவுபடுத்த வழியுண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியருக்கு மின்னோடு என்ன உறவு என மாணவர் நகைக்கக்கூடும். இவ்வினாக்களை எம்மிடம் ஓயாது கேட்டவர்கள் அம்மாணவர்களே என்பதை அவர்க்கு நினைவூட்டுகின்றோம்.

இஃது அற்பமான வினாவுமன்று. 2022ஆம் ஆண்டு இந்நாட்டில் நிலவிய மின்வெட்டை எவரும் மறந்திலர். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் நிறுத்தப்பட்டது. அந்நாட்களில் மடிக்கணினி உள்ள வீடுகளில் அதுவே கைபேசிகளுக்குக் களஞ்சியமாயிற்று. களஞ்சியத்தில் உள்ளதை வீணாக்காது அளந்து எடுக்கத் தெரிந்தவன் மறுநாட் காலை வரை தொடர்போடு இருந்தான். தெரியாதவன் கணினியையும் இழந்து கைபேசியையும் இழந்து இருளில் இருந்தான். ஆதலால் இவ்வறிவு வேண்டற்பாலதே.

முதற்கண் அளவைகளை அறிவோம். துலாவால் இறைத்த நீர் வாய்க்கால் வழியே தோட்டத்துக்குப் பாய்வதை நினைத்துக்கொள்க. நீர் எவ்வளவு உயரத்திலிருந்து தள்ளப்படுகின்றது என்பது ஒன்று. எவ்வளவு பருமனாகப் பாய்கின்றது என்பது மற்றொன்று. மின்னிலே முன்னதை வோல்ற்று என்றும், பின்னதை அம்பியர் என்றும் அளப்பர். இரண்டையும் பெருக்க வருவது வாற்று; அதுவே வலு. 5 வோல்ற்றில் 1 அம்பியர் பாய்ந்தால் 5 வாற்று. ஒரு வாற்று வலு ஒரு மணி நேரம் தொடர்ந்து பாய்ந்தால் சேரும் சக்தி ஒரு வாற்று-மணி. இன்று பலர் கையிலுள்ள கைபேசியின் மின்கலம் 5000 மில்லி அம்பியர்-மணி எனக் குறிக்கப்பட்டிருக்கும். அது ஏறத்தாழ 19 வாற்று-மணி சக்தியைக் கொள்ளும் குடம். குடத்தின் அளவு தெரிந்துவிட்டது; இனிக் குழாயின் அளவைக் காண்போம்.

கணினியின் பக்கத்தே நாம் வடத்தைச் செருகும் வாயிலை ஆங்கிலத்தில் போர்ட் என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் அதனைத் துறை என வழங்குகின்றன. துறை என்பது கலம் வந்து சரக்கு ஏற்றி இறக்கும் இடம். நீர் முகக்க இறங்கும் இடமுமாம். இப்பெயர் மிகப் பொருத்தமுடையது. ஏனெனில் யூ.எஸ்.பி. என்னும் இத்துறை முதன்முதல் அமைந்தது செய்தியாகிய சரக்கை ஏற்றி இறக்குவதற்கே. மின்னாகிய நீரை முகந்துகொள்ளும் வழக்கம் பின்னரே பெருகியது.

அவ்வரலாறு சுருக்கமாக வருமாறு: 1996ஆம் ஆண்டுக்கு முன்னர்த் தட்டெழுத்துப் பலகைக்கு ஒரு வகைத் துறையும், அச்சுப்பொறிக்கு வேறொரு வகைத் துறையும் எனக் கணினியின் பின்புறம் பல்வேறு வாயில்களாற் குழம்பிக் கிடந்தது. இன்ரெல், ஐ.பி.எம்., மைக்ரோசொப்ற் முதலிய ஏழு நிறுவனங்கள் கூடி, எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒரு துறையை வகுத்து, 1996ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்டன. அதற்கான வடத்தில் நான்கு கம்பிகள். இரண்டு செய்திக்கு, இரண்டு மின்னுக்கு. மின்னுக்கு இரண்டு வைத்ததும் எலி எனப்படும் சுட்டி போன்ற சிறு கருவிகள் பசியாற வேண்டும் என்பதற்காகவே. 5 வோல்ற்றில் 500 மில்லி அம்பியர், அஃதாவது 2.5 வாற்று, அச்சிறு கருவிகளுக்குத் தாராளமாகப் போதுமானது. கைபேசி என்னும் பெருந்தீனிக்காரன் பிற்காலத்தில் வந்து இவ்வாயிலில் நிற்பான் என்று அந்நாளில் அவர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை.

2.5 வாற்று எவ்வளவு சிறியது என்பதை எம் பழைய மாணவர்கள் எளிதில் உணர்வர். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மின்விநியோகம் அற்றுப்போன பின்னர், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னால் வானொலிச் செய்தி கேட்டவர் பலர். அந்த டைனமோவின் வழக்கமான அளவு 6 வோல்ற்று, 3 வாற்று. கணினியின் பழைய வகைத் துறை கொடுப்பதோ அதனிலுங் குறைவு! டைனமோவில் ஓடிய வானொலி மிகச் சிறிதே உண்டது; ஆதலால் அது பாடிற்று. இன்றைய கைபேசியோ, திரையை ஒளிரவிட்டு இணையத்தில் உலாவும் போது, தானே ஒன்று முதல் இரண்டு வாற்று வரை செலவிடுவது. 2.5 வாற்றை வாங்கி இரண்டு வாற்றைச் செலவிட்டால் மிச்சம் எங்கிருந்து வரும்? சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்!

கைபேசி தனக்கு வேண்டிய மின்னைத் தானே இழுத்துக்கொள்ளலாகாதா எனச் சிலர் வினவுவர். ஆகாது. கொடுப்போன் தாங்குமளவுக்கு மேல் இழுத்தால் துறையின் மின்னழுத்தம் சரிந்துவிடும். அல்லது கணினி தன்னைக் காத்துக்கொள்ள அத்துறையை அடைத்துவிடும். ஆதலால் இழுப்பதற்கு முன் கேட்டறிதல் என்னும் ஒழுங்கை வகுத்துள்ளனர். சாதாரண துறையிலே, அனுமதி பெறுமுன் 100 மில்லி அம்பியர் வரையும், கணினி அனுமதித்தபின் 500 மில்லி அம்பியர் வரையும் எடுக்கலாம் என்பது விதி. சுவரில் செருகும் சார்ஜரிலோ செய்தி பேச எவருமில்லை. ஆகவே அதனுள் செய்திக் கம்பிகள் இரண்டையும் ஒன்றாக இணைத்து விடுகின்றனர். கைபேசி அவ்விணைப்பைத் தொட்டுணர்ந்து, இது சார்ஜர், தாராளமாக எடுக்கலாம் எனத் தெளிந்துகொள்ளுகின்றது. ஒரே வடம், ஒரே கைபேசி. ஆயினும் சுவரில் விரைவும் கணினியில் மந்தமும் தோன்றுதற்கு இதுவே காரணம். ஈவோனின் நிலையறிந்து ஏற்போன் நடக்கும் ஒழுங்கு அது, எவர் பழுதுமன்று.

காலஞ் செல்லச் செல்லத் துறைகளும் வளர்ந்தன. 2008ஆம் ஆண்டு வந்த மூன்றாம் தலைமுறைத் துறை 900 மில்லி அம்பியர், அஃதாவது 4.5 வாற்றுக் கொடுப்பது. மின்னேற்றத்துக்கெனத் தனியாக வகுக்கப்பட்டு 2010ஆம் ஆண்டிலே திருத்தம் பெற்ற விதிப்படி அமைந்த துறைகள், செய்தியும் பரிமாறிக்கொண்டு 1.5 அம்பியர், அஃதாவது 7.5 வாற்று வரையுங் கொடுக்கும். 2014ஆம் ஆண்டு சீ வகைத் துறை வந்தது. மேல் கீழ் என்ற வேறுபாடின்றி எப்பக்கமுஞ் செருகத்தக்க நீள்வட்ட வாயில் அதுவே. அதிலே தனியொரு தொடுமுனை உண்டு. அங்கே வைத்த தடையின் அளவைக் கொண்டு, கொடுப்போன் எவ்வளவு கொடுக்க வல்லவன் என்பதைக் கைபேசி அறிந்துகொள்ளும். அதன் உச்ச அறிவிப்பு 5 வோல்ற்றில் 3 அம்பியர். அஃதாவது 15 வாற்று. இதற்கும் மேலே, இரு கருவிகளும் உரையாடி 9, 15, 20 வோல்ற்று என அழுத்தத்தையே உயர்த்திக்கொள்ளும் முறையும் உண்டு. ஆயினும் மடிக்கணினிகள் தம் துறை வழியே பிறர்க்குக் கொடுக்கும்போது பெரும்பாலும் 15 வாற்றோடு நின்றுவிடுகின்றன. ஆதலால் 45 வாற்று, 67 வாற்று என விளம்பரப்படுத்தப்பட்ட கைபேசியும் தன் சொந்தச் சார்ஜரில் ஏறும் வேகத்தில் கணினியில் ஏறுமென எதிர்பார்த்தல் தகாது.

இவ்வேறுபாடுகளின் பயனை ஒரு மணி நேரக் கணக்கில் வைத்துக் காட்டுவோம். முற்கூறிய 19 வாற்று-மணிக் கைபேசியை அணைத்து வைத்து மின்னேற்றுவதாகவும், வெப்பமாகிச் சேதமாவது நூற்றுக்குப் பதினைந்து எனவும் கொள்க. ஒரு மணி நேரத்தில் 2.5 வாற்றுத் துறையில் நூற்றுக்கு 11 பங்கு ஏறும். 4.5 வாற்றுத் துறையில் 20 பங்கு. 7.5 வாற்றுத் துறையில் 34 பங்கு. 15 வாற்றுத் துறையில் 67 பங்கு. ஒரே கணினியின் இரு பக்கங்களில் உள்ள இரு துறைகளுக்கிடையே ஆறு மடங்கு வேறுபாடு இருக்கக்கூடும் என்பது இதனாற் புலப்படும். ஆகவே விரைவாக மின்னேற்றும் கலையின் முதல் விதி துறையறிதலே. ஆழமறியாமற் காலை விடாதே என்ற பழமொழி இத்துறைக்கும் பொருந்தும்.

துறையை அறிவது எங்ஙனம்? வாயிலின் உள்ளே நீல நிற நாக்கு இருப்பின் அது பெரும்பாலும் மூன்றாம் தலைமுறைத் துறை. கறுப்பு அல்லது வெள்ளை எனின் பெரும்பாலும் பழையது. சில கணினிகளில் மஞ்சள் நிறம் அல்லது வாயிலருகே மின்கலம் அல்லது மின்னற் குறி இருக்கும். கணினி உறங்கும்போதும் மின் கொடுக்கும் துறை என்பதற்கு அது அடையாளம். நீள்வட்டமான சீ வகை வாயில் உண்டாயின் அதனையே முதலிற் பயன்படுத்துக. நிறத்தையும் குறியையும் எல்லா நிறுவனங்களும் ஒரே சீராகப் பின்பற்றுவதில்லை. ஆதலால் கணினியோடு வந்த கைந்நூலைப் புரட்டிப் பார்த்தல் நன்று. அதுவும் இல்லையெனில், ஒவ்வொரு துறையிலும் அரை மணி நேரம் வைத்து ஏறிய பங்கைக் குறித்துக்கொண்டால், உண்மை தானே வெளிப்படும்.

இரண்டாவது விதி வடம் பற்றியது. நம்மவர் கேபிள் என்னும் வடத்தைப் பலர் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்குகின்றனர். நீண்டும் மெலிந்தும் உள்ள வாய்க்காலில் நீர் நிலத்திலே சுவறிவிடுவது போல, நீண்டு மெலிந்த கம்பியில் மின்னழுத்தம் வழியிலேயே குறைகின்றது. மெல்லிய வகைக் கம்பி கொண்ட ஒரு மீற்றர் வடத்தில், போக்கும் வரவுமாக இரண்டு மீற்றர்க்கு ஏறத்தாழ 0.43 ஓம் தடை உண்டு. அதனூடே 1.5 அம்பியர் பாய்ந்தால் 0.64 வோல்ற்று வழியில் இழக்கப்படும். 5 வோல்ற்றாகப் புறப்பட்டது 4.36 ஆகச் சென்று சேரும். அழுத்தம் இவ்வாறு சரிவதைக் கண்ட கைபேசி தான் எடுக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளும். தடித்த கம்பி கொண்ட வடத்திலோ அவ்விழப்பு ஏறத்தாழ 0.25 வோல்ற்றே. ஆகவே வடம் குறுகியதாகவும் தடித்ததாகவும் இருத்தல் வேண்டும். கணினி, கைபேசி இரண்டிலும் சீ வகை வாயில் உண்டாயின், இரு முனையும் சீ வகையான வடத்தையே கொள்க. அவ்வகை வடம் 3 அம்பியர் தாங்குமாறே விதிக்கப்பட்டுள்ளது. பழைய தட்டை முனையுடைய வடத்தினால், எவ்வளவு நல்ல கைபேசியாயினும், அந்த 15 வாற்றை அடைதல் பொதுவாக இயலாது.

வடத்துக்கும் கணினிக்கும் இடையே ஹப் என்னும் பகிர்வுக் கருவியைப் புகுத்துதலும் ஆகாது. தனக்கெனச் சொந்த மின்வழி இல்லாத பழைய ஹப், ஒரு துறையின் 500 மில்லி அம்பியரைத் தன் வாயில்களுக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி அம்பியரே அளிக்கும். நேரே கணினியிற் செருகுக.

மூன்றாவது விதி கைபேசி பற்றியது. ஏறும் வேளையில் செலவைக் குறைத்தல் வேண்டும். அணைத்து வைத்தல் உத்தமம். அழைப்பு எதுவும் எதிர்பாராதவிடத்து விமானப் பயண நிலையில் வைத்தல் மத்திமம். திரையை மட்டுமேனும் அணைத்தல் அதற்கடுத்தது. விளையாட்டும் திரைப்படமும் பார்த்துக்கொண்டே மின்னேற்றுதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். வெப்பமும் விரைவுக்குப் பகை. இக்கால லிதியம் மின்கலங்கள் 45 பாகை செல்சியசுக்கு மேலே மின்னேற்றத்தக்கவை அல்ல. ஆதலால் சூடேறியவுடன் கைபேசி தானாகவே வேகத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். தலையணையின் மேலும் வெயில் விழும் யன்னலோரத்திலும் வைத்தல் ஆகாது. உறையைக் கழற்றிக் காற்றுப்படும் மேசைமேல் வைக்க.

இன்னுமொன்று அறிக. இம்மின்கலம் தொடக்கத்தில் விரைவாக ஏற்கும்; நூற்றுக்கு எண்பதளவை எட்டியபின் மெல்ல மெல்லவே ஏற்கும். பேருந்தில் முதலில் ஏறுவோர் விரைந்து அமர்வர். இருக்கைகள் நிரம்பியபின் வருவோர் இடந்தேடித் தயங்குவர். அது போன்றதே இதுவும். நேரங் குறைவாயின் இறுதி இருபது பங்குக்குக் காத்திராது கழற்றிக்கொண்டு புறப்படுதல் அறிவுடைமை. மின்கலத்தின் ஆயுளுக்கும் அது நன்று.

நான்காவது விதி கணினி பற்றியது. களஞ்சியக் கணக்கு இங்கேதான் வருகின்றது. நடுத்தர மடிக்கணினியின் மின்கலம் ஏறத்தாழ 50 வாற்று-மணி கொள்வது. கைபேசி ஒன்றை முற்ற நிரப்ப, சேதத்தையுஞ் சேர்த்து, ஏறத்தாழ 23 வாற்று-மணி வேண்டும். ஆகவே இருமுறை நிரப்பலாம் போலத் தோன்றும். ஆயின் கணினி விழித்திருக்குமாயின் அது தன் செலவுக்கே மணிக்கு 8 வாற்று-மணி அல்லது அதற்கு மேலும் உண்ணும். 2.5 வாற்றுத் துறையில் வைத்தால், நாலரை மணி நேரத்தில் கணினி அணைந்துவிடும். கைபேசியோ பாதியளவே நிரம்பியிருக்கும். 15 வாற்றுத் துறையில் வைத்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கைபேசி நிரம்பும். கணினியிலும் ஐந்திலொரு பங்கு எஞ்சும். உறங்கும்போதும் கொடுக்கும் துறையில் வைத்துக் கணினியை மூடிவிட்டால், கைபேசி நிரம்பியபின்னும் களஞ்சியத்தில் பாதி இருக்கும். ஆதலால் விரைவு என்பது அவசரக்காரனுக்கு மட்டும் வேண்டுவதன்று; சிக்கனக்காரனுக்கே மிகவும் வேண்டுவது. மந்தமாகக் கொடுப்போன் விழித்திருந்து தானே உண்டு தீர்க்கின்றான்.

மின் உள்ள வேளையாயின் கணினியையும் சுவரோடு இணைத்து வைக்க. மின் இல்லாத வேளையாயின், கணினியை மூடினால் எத்துறை மின் கொடுக்கின்றது என முன்னதாகவே பார்த்து வைக்க. எல்லாத் துறைகளும் கொடுப்பதில்லை. கொடுக்கும் வசதி சில கணினிகளில் தொடக்க அமைப்பிலே அணைக்கப்பட்டிருக்கும். அதனை ஒருமுறை இயக்கி விட்டால் போதும். கணினியின் இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் தானே கொடுப்பதை நிறுத்திவிடுங் கணினிகளும் உண்டு. இருபுறமும் சீ வகையாயின் இன்னொரு வியப்பும் நேரும். கொடுப்போன் யார், கொள்வோன் யார் என்பதில் மயக்கமுண்டாகிக் கைபேசியே கணினிக்குக் கொடுக்க முற்படலாம். அப்போது கைபேசித் திரையில் தோன்றும் அறிவிப்பைத் தொட்டு, மின் கொடுக்கும் கருவி கணினியே எனத் தெரிவு செய்தல் வேண்டும்.

ஈற்றில் ஓர் எச்சரிக்கை. துறை செய்திக்கும் வழி என முன்னர்க் கூறினோம். முன்பின் அறியாதார் கணினியில் மின் வேண்டிச் செருகும்போது, செய்திக் கதவும் அங்கேயே இருக்கின்றது. இக்கணினியை நம்பலாமா, கோப்புக்களைக் காட்டலாமா எனக் கைபேசி கேட்குமாயின், இல்லை என விடையளித்து, மின்னேற்றம் மட்டும் எனத் தெரிவு செய்க. நீர் முகக்கச் சென்ற துறையிலே வீட்டுத் திறவுகோலைத் தவறவிடலாகாது.

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், துறை, வடம், கைபேசி, கணினி என்னும் நான்கனுள் எது மிகச் சிறியதோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கின்றது எனலாம். மூன்று பெரிதாயிருந்தும் ஒன்று சிறிதாயின் பயனில்லை. மாணவர்காள்! அடுத்த மின்வெட்டு அறிவிக்கப்படும்வரை காத்திராதீர்கள். இன்றே, மின் உள்ள பொழுதிலேயே, உங்கள் வீட்டுக் கணினியின் துறைகளை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். நல்லதற்கு ஒரு சிறு குறியிட்டு வையுங்கள். குறுகிய தடித்த வடமொன்றை அதனோடு கட்டி வையுங்கள். இருளில் தேடுவோனுக்கு அக்குறி விளக்காக உதவும். பள்ளியிலே வலு, தடை, சக்தி எனப் படித்த பாடங்கள் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுபவை அல்ல என்பதும் அப்போது விளங்கும்.